எண்ணெய்த் துளியும் துகள் கவசமும்

கொல்லிமலையில் மிளகுக் கொடி வளர்ப்பவர்களுக்குப் போர்டோ கலவை தெரியும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். ஒரு சதவீதக் கலவைக்கு இதுதான் கணக்கு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கினால் வெளிர்நீலத் துகள் திரண்டு மிதக்கும். தீட்டிய இரும்புக் கத்தியைக் கொஞ்சநேரம் அதில் நனைத்து எடுப்பார்கள். கத்தியில் செம்பு ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். தேவனூர் நாட்டுத் தோட்டமானாலும் வாழவந்தி நாட்டுத் தோட்டமானாலும் செய்முறை மாறாது.

இந்த நீலத் துகளுக்கும் எண்ணெய்த் தொழிலை நூறாண்டாக வாட்டும் ஒரு சிக்கலுக்கும் நேரடி உறவு இருக்கிறது. இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் 1894இல் ஒரு பழப்பண்ணை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் பிக்கரிங். பழமரப் பூச்சிக்குப் பாரஃபின் எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து தெளிக்க வேண்டும். எண்ணெயோ தண்ணீரில் நிற்காது. சோப்பின் துணையில்லாமல், செம்புச் சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் இதே துகளை மட்டும் வைத்து எண்ணெயைத் தண்ணீரில் நிறுத்த முடியும் என்று கண்டார். 1907இல் அதை எழுதினார். நான்காண்டு முன்னதாக, 1903இல், ஆக்ஸ்ஃபோர்டின் வால்டர் ராம்ஸ்டன் திடத்துகள் திரவப் பரப்பில் படிந்து தோல் கட்டுவதைப் பதிவு செய்திருந்தார். ஆனாலும் உலகம் இதைப் பிக்கரிங் பால்மம் என்றே அழைக்கிறது. முன்னுரிமை ராம்ஸ்டனுக்கு என்பது என் கருத்து. அந்த வாதத்தை இங்கே வளர்த்தால் பேச வந்தது பின்னுக்குப் போய்விடும்.

பேச வந்தது இது: துகள் காவல் நிற்கும் எண்ணெய்–நீர்ப் பால்மத்தை உடைக்க என்று விற்கப்படும் ரசாயனங்களில் எது வேலை செய்கிறது, எது செய்வதுபோல் காட்டுகிறது? தொழிற்சாலையில் டீமல்சிஃபையர் என்பார்கள்; எண்ணெய்க் கிணற்றடியில் வெறுமனே ‘மருந்து’ என்பார்கள். டிரம் டிரம்மாக வாங்குகிறார்கள், லிட்டருக்கு இத்தனை சொட்டு என்று விடுகிறார்கள். வேலை நடக்காதபோது அளவைக் கூட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பழக்கத்தைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு சிறு சோதனையிலிருந்து தொடங்கலாம். மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் பாதி போர்டோ கலவையும் கால்பங்கு கனிம எண்ணெயும் ஊற்றிப் பலமாகக் குலுக்கினால் நீலம் கலந்த கெட்டிப் பால் உண்டாகும். அதை இரண்டு சீசாவாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகப் பிழிந்தால், எஞ்சிய சுண்ணாம்பு செத்து, அமிலம் ஏறி, செம்புத் துகள் கரையத் தொடங்கும். துகள் கரைந்த இடத்தில் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தொட்டுச் சேர்ந்து மேலே ஒரு படலமாக வந்துவிடும். மற்றதில் சோப்புக் கரைசலை விட்டால் கதை வேறு. சோப்பின் கொழுப்பமிலம் செம்போடும் சுண்ணாம்போடும் பிணைந்து, தண்ணீரில் கரையாத உலோகச் சோப்பாகும். அது எண்ணெயை விரும்பும் பிசுபிசுப்பான பொருள். பால்மம் உடையாமல் இன்னும் மோசமாகும்.

இரண்டு சீசாவிலும் எண்ணெய் ஒன்று, தண்ணீர் ஒன்று. முடிவை மாற்றியது துகளுக்கு நேர்ந்தது. ஆனால் எலுமிச்சையைக் கொண்டாடவும் இடமில்லை. அது வென்றதற்குக் காரணம், காவல் நின்ற துகள் அமிலத்தில் கரையும் வகை என்பதே. காவல் நிற்பது களிமண் என்றால் ஒரு கூடை எலுமிச்சையைப் பிழிந்தாலும் அந்தத் துகள் கரையாது.

இனி கணக்குக்கு வருவோம், ஏனென்றால் விளம்பரத்தைச் சோதிக்க வேறு நல்ல உரைகல் இல்லை. எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லையில் உட்கார்ந்த உருண்டைத் துகளைப் பெயர்த்தெடுக்கத் தேவையான ஆற்றல் மூன்றைப் பொறுத்தது: துகள் ஆரத்தின் இருமடி, எல்லையின் இழுவிசை, துகளை எந்தத் திரவம் எவ்வளவு நனைக்கிறது என்று சொல்லும் சேர்கோணம். பத்து நானோமீட்டர் ஆரமுள்ள துகள், மீட்டருக்கு 36 மில்லிநியூட்டன் இழுவிசையுள்ள எல்லையில், 90 பாகைக் கோணத்தில் உட்கார்ந்தால், அதைப் பிடுங்க அறை வெப்பநிலையின் மூலக்கூறு அசைவாற்றலைப்போல் சுமார் 2,750 மடங்கு வேண்டும். சோப்பு மூலக்கூறு ஒன்றுக்கு இது பத்திருபது மடங்கில் முடிந்துவிடும். அதனால்தான் சோப்பு எல்லைக்கு வந்தபடியும் போனபடியும் இருக்கும். துகள் வந்து உட்கார்ந்தால் தானாகப் போகாது. ஆரம் நூறு நானோமீட்டர் ஆனாலே ஆற்றல் இன்னும் நூறு மடங்கு கூடும்.

இப்போது மருந்து எந்தப் பிடியைத் திருகுகிறது என்று கேட்கலாம். வழக்கமான மருந்து எல்லையின் இழுவிசையைக் குறைக்கிறது. 36ஐ 3.6 ஆக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல மருந்துதான். ஆற்றல் பத்தில் ஒன்றாகும், 275 மடங்கு. துகள் அப்போதும் அசையாது. மாறாக, இழுவிசையைத் தொடாமல் சேர்கோணத்தை மட்டும் 90இலிருந்து 30 பாகைக்கு இறக்கினால், அதாவது துகளை நன்றாக நீர் நனைக்கும்படி செய்தால், தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ ஐம்பத்தைந்தில் ஒரு பங்காகச் சரியும்: ஐம்பது மடங்கே மிஞ்சும். மறுபுறம் 150 பாகைக்கு ஏற்றி எண்ணெய் நனைக்கும்படி செய்தாலும் அதே பலன். துகள் எண்ணெய்ப் பக்கம் சாயும். கோணம் கணக்கில் இருமடியாக நுழைவதால் வரும் வலிமை இது.

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. களிமண் துகள் உருண்டையில்லை, தகடு. துகள்கள் தனித்தனியாக இல்லாமல் ஒன்றையொன்று பற்றி வலையாக நிற்கும். இழுவிசையை மாற்றும் மருந்து கோணத்தையும் கொஞ்சம் மாற்றவே செய்யும். ஆகவே 55 என்ற எண்ணை அப்படியே களத்துக்குக் கொண்டுபோக முடியாது. எந்தப் பிடி வலியது என்ற வரிசை மட்டும் மாறாது. 1923இல் ஃபிங்கிள், டிரேப்பர், ஹில்டபிராண்ட் மூவரும் சொன்ன விதி இன்றும் நிற்கிறது: துகளை அதிகம் நனைக்கும் திரவமே பால்மத்தின் வெளிப்புறத் திரவமாகும். களிமண் போன்ற நீர்நாட்டமுள்ள துகள் எண்ணெய்த் துளிகளை நீரில் நிறுத்தும். கரிபோல் எண்ணெய்நாட்டமுள்ளது நீர்த்துளிகளை எண்ணெய்க்குள் அடைக்கும். எது எதற்குள் இருக்கிறது என்று தெரியாமல் மருந்து தேர்வதில் பொருளில்லை.

எண்ணெய்க்குள் நீர் அடைபட்ட வகையைத் தமிழ்நாடு கண்ணெதிரே பார்த்தது 2017இல். ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. கசிந்தது கனமான எரி எண்ணெய். அலையடித்து அடித்து அது கடல்நீரை உள்ளே இழுத்துக்கொண்டது. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியபோது எண்ணெயாக ஓடவில்லை, கருஞ்சேறாகப் பாறையில் ஒட்டிக் கிடந்தது. உறிஞ்சு லாரிகள் திணறின. மீனவர்களும் மாணவர்களும் தூய்மைப் பணியாளர்களும் வாளியில் அள்ளினார்கள், பலர் கையுறைகூட இல்லாமல்.

அந்தச் சேறு எப்படிப் பிறந்தது என்று விளங்கிக்கொண்டால் மருந்தின் எல்லையும் விளங்கும். கன எண்ணெயில் ஆஸ்பால்டீன் என்ற பெருமூலக்கூறுகள் உண்டு. அவை நீர்த்துளியின் பரப்பில் படிந்து கெட்டியான தோல் கட்டும். மிதக்கும் நுண்வண்டலும் ஆஸ்பால்டீன் பூசப்பெற்று எண்ணெய்ப் பக்கம் சாய்ந்து அந்தத் தோலில் சேர்ந்துகொள்ளும். கடற்கரை மணலைப் பலர் குறை சொல்கிறார்கள். அதில் உண்மை குறைவு. மணல் பருமனானது, கனமானது, துளியைச் சுற்றி நிற்க முடியாமல் கீழே இறங்கிவிடும். சேற்றின் எடையைக் கூட்டும், உறுதியைக் கூட்டாது. காவல் நிற்பது இரண்டு மைக்ரானுக்கும் கீழான வண்டல். கடலில் இப்படி உருவாகும் பால்மங்களில் 50 முதல் 80 விழுக்காடு நீர் இருப்பது வழக்கம். பாகுநிலை மூல எண்ணெயைப்போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு ஏறும். நாளாக ஆக அந்தத் தோல் இறுகும். முதல் சில மணிநேரத்தில் எளிதில் உடைவது மூன்றாம் நாள் உடைய மறுக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது நிலைமை இன்னும் சிக்கல். அது கடலைப்போல் திறந்த வெளியில்லை. கழிவுநீர், சேறு, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அடிவண்டல், அலையாத்தி வேர் எல்லாம் உள்ள இடம். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. படகுகளில் ஏறிய மீனவர்கள் மறுபடி வாளியும் கையுமாகத்தான் எண்ணெயை எடுத்தார்கள்.

‘இவ்வளவு ரசாயன அறிவு இருக்கும் நாட்டில் வாளிதானா?’ என்று அப்போது கோபத்தோடு கேட்டார்கள். கருவி இல்லாமல், பாதுகாப்பு உடை இல்லாமல் மனிதரை இறக்கியது தவறு. அந்தக் கோபத்தில் எனக்குப் பங்குண்டு. ஆனால் மருந்தை ஊற்றியிருக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்க மாட்டேன். எண்ணெய்க் கசிவுக்குத் தெளிக்கும் சிதறடிப்பான் வேறு, பால்மம் உடைப்பான் வேறு. முன்னது எண்ணெயை இன்னும் நுண்துளியாக்கி நீருக்குள் இறக்குகிறது. ஆழ்கடலில் கரையைக் காக்க அது உதவலாம், முழங்கால் ஆழக் கழிமுகத்தில் இறால் குஞ்சின் வாய்க்குள் எண்ணெயைக் கொண்டுசேர்க்கும். பின்னதை அங்கே தெளித்தால் அடுத்த ஓதம் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். லட்சத்தில் சில பங்கு என்ற அளவு நிலைத்து நின்றால்தான் அந்த மருந்து வேலை செய்யும். ஓடும் நீரில் எந்த அளவும் நிலைக்காது. திறந்த நீரில் உடைப்பான் கூடாது என்பது என் முதல் தீர்ப்பு, அதில் விதிவிலக்கு இல்லை.

அள்ளிய பிறகு நிலைமை வேறு. 2017இல் சேற்றைக் குழியில் கொட்டி, இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சிப் பிரிவு நுண்ணுயிர் கொண்டு சிதைக்கும் வழியைக் கையாண்டது. பழி சொல்லத்தக்க வழியல்ல. ஆனாலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. நூறு டன் சேற்றில் எழுபது விழுக்காடு நீர் என்று வைத்தால் எண்ணெய் முப்பது டன்தான். தொட்டியில் சூடேற்றி, உரிய மருந்திட்டு முதலில் நீரைப் பிரித்திருந்தால் நுண்ணுயிருக்கு விட வேண்டிய சுமை மூன்றில் ஒன்றாகும். எண்ணெயில் ஒரு பகுதி சுத்திகரிப்புக்கே திரும்பியிருக்கும். மருந்துக்கு நியாயமான இடம் மூடிய தொட்டி.

அந்தத் தொட்டியில் எதை ஊற்றுவது? பழையதிலிருந்து வருவோம். 1914இல் அமெரிக்காவின் பார்னிக்கல் வாங்கிய முதல் காப்புரிமை ஃபெரஸ் சல்பேட்டைப் பற்றியது. பத்தாயிரத்தில் பத்துப் பங்கு, மிதமான சூடு. பிறகு சோப்புகள், சல்ஃபோனேட்கள் வந்தன. 1930களில் ஆக்சிஜனேற்றம் செய்த ஆமணக்கெண்ணெயும் மருந்தாயிற்று. சேலம், நாமக்கல் வட்டாரத்து வயல் வரப்பில் நிற்கும் செடி உலக எண்ணெய்த் தொழிலுக்கு உடைப்பான் தந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. ஆனால் இவை எல்லாம் இன்றைய அளவில் வீரியம் குறைந்தவை, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வேண்டும். 1950க்குப் பின் எத்திலீன் ஆக்சைடும் புரோப்பிலீன் ஆக்சைடும் கோத்த பாலிமர்களும், ஆல்க்கைல் ஃபீனால்–ஃபார்மால்டிஹைடு பிசின்களும் வந்து பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குக்கு அளவைக் குறைத்தன.

இந்தப் பிசின்கள் வலியவை என்பதில் ஐயமில்லை. எல்லைக்கு விரைந்து வந்து, ஆஸ்பால்டீனை நகர்த்தி, தோலை மெலிய வைத்து, பக்கத்துத் துளியோடு சேரவிடும். மணலியில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் கச்சா எண்ணெயின் உப்பை நீக்கும் கலனில், மின்புலமும் சூடும் துணையிருக்க, இவை நாள்தோறும் ஓடுகின்றன. கவசம் ஆஸ்பால்டீன் மட்டும் என்றால் இவற்றுக்கே என் வாக்கு.

கவசத்தில் துகள் இருந்தால்தான் இவற்றின் சாயம் வெளுக்கிறது. துளிகள் சேர்ந்து பெருகும், எல்லைப் பரப்பு சுருங்கும், அதில் அமர்ந்திருந்த துகளுக்கு இடம் போதாது. எங்கும் போகவும் முடியாமல் அது எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே ஒரு தடித்த பழுப்புப் படலமாகத் தேங்கும். அந்தப் படலம் நாளுக்கு நாள் வளரும். இரும்பு சல்பைடு அதில் சேர்ந்தால் மின்தகடுகளுக்கிடையே மின்னோட்டம் பாய்ந்து கலனே செயலிழக்கும். தொழிற்சாலைக்காரர் அளவைக் கூட்டுவார். உகந்த அளவைத் தாண்டினால் இதே மருந்து தானே பால்மக் காரணியாகி நிலைமையைக் கெடுக்கும். பிசினின் தோல்வி பெரும்பாலும் இப்படித்தான் மேலும் பிசினாக மாறுகிறது.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் சோதனையிலேயே இந்தத் தவற்றின் விதை கிடக்கிறது. நூறு மில்லி அளவுக் குப்பிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பால்மத்தை நிரப்பி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, ஊசியால் வெவ்வேறு மருந்தைச் சொட்டி, ஒரே கணக்கில் குலுக்கி, ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரைமணி, ஒருமணி என்று அடியில் இறங்கிய நீரின் அளவைக் குறிப்பார்கள். நீர் வேகமாக இறங்கிய குப்பி வெல்லும். அந்தக் குப்பியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நீருக்கும் எண்ணெய்க்கும் நடுவில் சரிகைபோல் ஒரு பழுப்பு வளையம் கண்ணாடியில் ஒட்டி நிற்கிறதா? சாய்த்தால் எல்லை கத்தி வெட்டினாற்போல் நகர்கிறதா, பை பையாகத் தொங்குகிறதா? மேல் எண்ணெயை உறிஞ்சி மையவிலக்கியில் சுழற்றினால் எவ்வளவு நீரும் திடப்பொருளும் விழுகிறது? கீழ் நீர் தெளிவா, கலங்கலா? எண்பது மில்லி நீரை அரைமணியில் இறக்கிவிட்டு நடுவில் இரண்டு மில்லிப் பழுப்பை விட்ட மருந்தைவிட, ஒருமணி எடுத்துக்கொண்டு கூரிய எல்லையைத் தந்த மருந்து மேலானது. ஆலைத் தொட்டியில் அந்த இரண்டு மில்லிதான் நாளைக்கு ஒரு முழம் தடிப்பாக நிற்கும்.

துகளைத் திருப்பும் மருந்துகள் வேறு குடும்பம். டையாக்டைல் சல்ஃபோசக்சினேட் போன்ற நனைப்பான்கள், டோடெசைல் பென்சீன் சல்ஃபோனிக் அமிலம், சில பாஸ்பேட் எஸ்டர்கள். ஆஸ்பால்டீன் பூசிய களிமண்ணின் பூச்சைக் கழற்றி அதை மீண்டும் நீருக்கு உரியதாக்குவது இவற்றின் வேலை. துகள் நீருக்குள் இறங்கி அடியில் படிந்தால் எல்லை தெளிவாகும். கணக்கில் பார்த்த கோணப் பிடியைத் திருகுவது இந்தக் குடும்பமே. தனியாக இவை மெதுவானவை. நீர்த்துளிகளைச் சேர்ப்பதில் பிசினுக்கு ஈடாகா. நனைப்பானை முன்னே விட்டு, துகளுக்குத் திரும்ப நேரம் கொடுத்து, பிசினைப் பின்னே விடுவதுதான் சரியான முறை என்று கருதுகிறேன். இரண்டையும் ஒரே டிரம்மில் கலந்து விற்பது வசதிக்காக. அது வேலைக்கான முறையல்ல. இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். துகளை நீரில் இறக்கினால் சிக்கல் நீருக்கு மாறும். அந்த நீரைத் தெளியவைக்க இடமில்லாத ஆலை இந்த மருந்தை வாங்கக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். துகள் மெழுகுப் படிகமென்றால் மருந்தே வேண்டாம். மும்பை ஹை கச்சா எண்ணெய் 30 பாகை செல்சியஸுக்கு அருகிலேயே உறையத் தொடங்கும்; சூடேற்றினால் படிகம் உருகிக் கவசமே இல்லாமற்போகும். சைலீன், டொலுவீன் ஆஸ்பால்டீனைக் கரைக்கும். ஆனால் தீப்பிடிக்கும், வேலையாளின் மூச்சில் ஏறும். இரும்பு சல்பைடை அமிலத்தால் கரைக்கலாம் என்று ஏட்டில் இருக்கும். அமிலம் பட்டவுடன் ஹைட்ரஜன் சல்பைடு எழும், மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். அதைச் செய்யத் துணிபவர் வாயுக் கருவியும் சுவாசக் கவசமும் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. காந்தத் துகளைப் பூசி, காந்தத்தால் துளியை இழுத்துப் பிரிக்கும் ஆராய்ச்சி அழகானது. துகளைத் துகளால் வெல்லும் அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். சேறும் உப்பும் நிறைந்த தொட்டியில் அந்தத் துகளை மறுபடி மறுபடி மீட்டெடுத்துக் காட்டும்வரை வாங்கச் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கச்சா எண்ணெய் நாமக்கல் மாவட்டத்தில் இல்லை. எண்ணெய்ப் பால்மம் தாராளமாக இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் வாட்டர் சர்வீசுக்கு நிற்கும் ஒவ்வொரு குழியிலும் டீசல், கிரீஸ், எஞ்சின் ஆயில், சோப்பு, மண் எல்லாம் சேர்ந்து பழுப்புப் பாலாகத் தேங்குகிறது. காரவள்ளியிலிருந்து மேலேறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி, தேவனூர் நாட்டு அன்னாசியும் மரவள்ளியும் ஏற்றி வரும் வண்டியின் சக்கரத்தில் மலையின் செம்மண் அப்பியிருக்கும். இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் கலந்த நுண்மண் அது. மால்கோ நிறுவனம் ஒருகாலத்தில் மேட்டூருக்குப் பாக்சைட் வெட்டிய மலை. மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி.

அந்தக் குழியில் சோப்புத் தூளைக் கூடக் கொட்டினால் எண்ணெய் ‘கரைந்து’ சாக்கடையில் போய்விடுகிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. போர்டோ சீசாவில் கண்டதே இங்கும் நடக்கிறது. இரும்பு ஆக்சைடின் பரப்பு நடுநிலை நீரில் நேர்மின் பக்கம் சாய்ந்திருக்கும். சோப்பின் எதிர்மின் தலை அதில் ஒட்டும், வால் வெளியே நீட்டும். நீர்நாட்டமுள்ள செம்மண் துகள் பாதி எண்ணெய்நாட்டம் பெறும். சேர்கோணம் 90 பாகையை நோக்கி நகரும், அதாவது காவலுக்கு மிகச் சிறந்த நிலைக்கு. இரும்புத் தாதை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் தொழில்நுட்பத்தில் இதே கொழுப்பமிலத்தை இதே காரணத்துக்காக வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். ஆகவே சோப்பு இந்தக் குழியில் எதிரியின் பக்கம் நிற்கிறது. எண்ணெய் கண்ணுக்கு மறைவது உடைந்ததால் அல்ல, நுண்துளியாகி ஒளிந்ததால்.

இங்கே எண்ணெய்தான் நீருக்குள் இருக்கிறது. எனவே பிசின் வகை மருந்துக்கு வேலையே இல்லை. படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோதான் உரியது. அலுமினிய அயனி களிமண்ணின் எதிர்மின்னைத் தணிக்கும், ஹைட்ராக்சைடு திரள் துளியையும் துகளையும் சேர்த்து வாரிக்கொண்டு இறங்கும் அல்லது மிதக்கும். விலை குறைவு, கடையில் கிடைப்பது, பிழை செய்தாலும் பேராபத்தில்லை. இதன் குறை உண்மையான குறை: எண்ணெய் தோய்ந்த பெரும் சேற்றை மிச்சம் வைக்கிறது. அதை அபாயக் கழிவாகக் கருதவேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு விதி. வயலோரம் கொட்ட முடியாது. சோப்பைக் குறைத்து, முதலில் மண்ணை வெறும் நீரால் தனிக்குழியில் கழுவிவிட்டு, பிறகே எண்ணெய்ப் பகுதியைக் கழுவினால் இந்தச் சேறு பெருமளவு குறையும். துகளும் எண்ணெயும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் மருந்துச் செலவே சிறுத்துவிடும். எந்த விற்பனையாளரும் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் இதில் விற்க ஒன்றுமில்லை.

நச்சுத்தன்மையைக் கடைசியில் வைக்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் பிரிப்பு நடக்காத மருந்தின் நஞ்சைப் பேசிப் பயனில்லை என்பதால் இங்கே வருகிறது. மலிவான கலவைகளில் இன்னும் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் உண்டு. நீரில் அது சிதைந்து நோனைல்ஃபீனாலாகும். மீனின் உடலில் பெண்மை ஹார்மோனைப்போல் நடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2003லேயே பல பயன்பாடுகளில் அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே கட்டுப்படுத்தியது. நம் பொதுவிதி உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் தாண்டக்கூடாது என்கிறது. அந்த அளவைத் தொட்டுவிட்ட நீர், உடைக்கச் சேர்த்த மருந்தைச் சுமந்து போவதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. எனவே பிரிப்பில் எவ்வளவு சிறந்ததாயினும் நோனைல்ஃபீனால் உள்ள மருந்தை நான் நிராகரிக்கிறேன். ஆல்க்கஹால் எத்தாக்சிலேட் அடிப்படையிலான மாற்று இருக்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டிய நியாயம் ஏதுமில்லை.

என் வரிசை இது. அடைபட்ட தொட்டியில், ஆஸ்பால்டீனும் வண்டலும் சேர்ந்த கருஞ்சேற்றுக்கு: சூடு, பிறகு நனைப்பான், பிறகு குறைந்த அளவில் பாலிமர்ப் பிசின். மெழுகுக்குச் சூடு மட்டும். பட்டறைக் குழியில் நீருக்குள் இருக்கும் எண்ணெய்க்குப் படிகாரக் குடும்பம், அதற்கும் முன்னால் மண்ணைத் தனியே கழுவுதல். அமிலமும் கரைப்பானும் தேர்ந்த கையில், வேறு வழியில்லாதபோது. சோப்பும் சலவைத்தூளும் எங்கும் இல்லை. கழிமுகத்திலும் கடலோரத்திலும் எந்த உடைப்பானும் இல்லை.

இந்த வரிசையை ஒப்புக்கொள்ளாதவர் ஒரு மருந்தைக் கொண்டுவந்தால் அவரிடம் மூன்றே கேள்வி கேட்பேன். இங்கே காவல் நிற்கும் துகள் எது, நுண்ணோக்கியிலோ சாம்பல் சோதனையிலோ பார்த்தீர்களா? உங்கள் மருந்து அந்தத் துகளை எண்ணெய்க்கு அனுப்புகிறதா, நீருக்கு அனுப்புகிறதா? பிரிந்த பிறகு அந்தத் துகளும் உங்கள் மருந்தும் எந்தத் தொட்டியில், யார் பொறுப்பில் இருக்கும்? முதலிரண்டுக்கு விடை சொல்லும் விற்பனையாளர் ஓரிருவர் கிடைப்பார்கள். மூன்றாவதற்கு எழுத்தில் விடை தருபவரிடம் மட்டும் டிரம் வாங்க வேண்டும். வாங்கும் ஒப்பந்தத்திலும், இறங்கிய நீரின் அளவுக்கு மட்டும் பணம் என்றில்லாமல், ஒரு மாத ஓட்டத்துக்குப் பின் நடுப்படலம் எவ்வளவு தடித்திருக்கிறது என்ற அளவையும் சேர்த்தே பணத்தை விடுவிக்க வேண்டும்.